ஆரஞ்சுப் பக்கமும் மஞ்சள் பக்கமும்

எங்கள் ஊர் வெல்டோர்னில் பெரிய தெரு என்று ஒன்றுதான் உண்டு. அதன் நடுவில் இரும்புக் குமிழ்களை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். குமிழ்களுக்கு வடக்கே இருக்கும் வீடுகள் நெதர்லாந்து, தெற்கே இருப்பவை பெல்ஜியம். காலையில் ரொட்டி வாங்க ஒரு நாட்டுக்குப் போய்விட்டு, காபி ஆறுவதற்குள் இன்னொரு நாட்டுக்குத் திரும்பிவிடுவோம். தேவாலயமும் பள்ளியும் தீயணைப்பு வண்டியும் இரண்டிரண்டு. பேண்டு வாத்தியக் குழு மட்டும் ஒன்றே ஒன்று. அதன் பெயர் 'ஒற்றுமை'. அதில் பெரிய டிரம் அடிப்பவன் நான்.

'ஒற்றுமை'யின் தலைவியும் கிளாரினெட் வாசிப்பவளும் டோரியன் ஸ்மோல்டர்ஸ். வடக்குப் பக்கத்துப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. எந்தக் காரியத்தையும் ஆறு மாதம் முன்பே தொடங்கிவிடுவாள். அவளுடைய முன்னாள் கணவன் ஸ்டாஃப் கூடென்ஸ் தெற்குப் பக்கத்தில் பீர்க்கடை வைத்திருக்கிறான். அந்தப் பக்கத்து நகராட்சியில் துணைத் தலைவரும் அவன்தான். அவனைக் கேட்டால் எதையும் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பான். இருவரும் பிரிந்ததற்கு வேறு காரணம் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பிரிந்த கையோடு டோரியன் தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குக் குடிவந்தாள். வெளிநாட்டுக்கே வந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வாள். ஆறு வருடமாக அவன் கடைப் படியை அவள் மிதிக்கவில்லை. தினமும் காலையில் அவன் கடை வாசலில் நிழற்குடைகளை விரிப்பதைத் தன் ஜன்னலிலிருந்து பார்ப்பாள், அவ்வளவுதான்.

அந்த வருடம், ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தே ஞாயிறன்று பேண்டு போட்டி விழாவை எங்கள் ஊரில் நடத்துவதாக ஏற்பாடு. சுற்று வட்டாரத்திலிருந்து எட்டுக் குழுக்கள் வரவேண்டும். வடக்குப் பக்கத்துப் புல்வெளியில் வாடகைக் கூடாரம் ஒன்றை வெள்ளிக்கிழமையே நிறுத்திவிட்டுப் போனார்கள். அதைக் கழற்ற ஆட்கள் செவ்வாய்க்கிழமைதான் வருவார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை விடுமுறை நாட்களுக்கான மழை நிலவரம் வெளியானது. ஞாயிறு பிற்பகல் தென்மேற்கிலிருந்து இடியுடன் மழை வரலாம். சில இடங்களில் கனமழையும் ஆலங்கட்டியும் சூறைக்காற்றும் இருக்கலாம். எந்த இடங்களில் என்று இப்போது சொல்வதற்கில்லை. இதைவிட நேர்மையாக யாரும் சொல்ல முடியாது. ஆனால் இப்படிப்பட்ட நேர்மையை வைத்துக்கொண்டு எட்டு பஸ் நிறைய ஆட்களை வரச்சொல்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியவில்லை. டோரியன் இரண்டு நாட்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நெதர்லாந்து வரைபடத்தில் மாகாணங்கள் எல்லாம் இன்னும் பச்சையாக இருந்தன. எல்லைக்குத் தெற்கே வெறும் சாம்பல். பெல்ஜிய வரைபடத்தில் வடக்கே வெறும் சாம்பல். அவரவர் நாட்டோடு வானம் முடிந்துவிடுவதைப் போல இருந்தது.

சனிக்கிழமை காலையில் எச்சரிக்கை நிறங்கள் வந்தன. வடக்குப் பக்கம் ஆரஞ்சு, தெற்குப் பக்கம் மஞ்சள்.

ஆரஞ்சுச் செய்தியோடு வந்தவன் யோரிட் ஹீம்ஸ்த்ரா. வடக்கு நகராட்சியின் பாதுகாப்பு அலுவலர், முப்பது வயதிருக்கும், எங்கோ வடகோடியிலிருந்து வேலைக்கு வந்தவன். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஆபத்து ஏறும் வரிசையில் நான்கு அட்டைகளைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பான். கெட்டவனல்ல. தவறாக எதுவும் நடந்துவிடக் கூடாதே என்று ராத்திரி தூங்காத வகை.

விழாவுக்குக் கொடுத்த அனுமதியை ரத்து செய்கிறாயா என்று டோரியன் கேட்டாள்.

"நான் ரத்து பண்ணல மேடம். ஆரஞ்சு வந்தா அது தானாவே ரத்தாயிடும். நான் சொல்லிட்டுப் போக வந்தேன், அவ்வளவுதான்."

டோரியன் எதிர்ப்பக்கத்தைக் காட்டினாள். அங்கே ஸ்டாஃப் குடைக்கு அடியில் கால்நீட்டி உட்கார்ந்திருந்தான். "அங்க நடத்தினா?"

"அது என் எல்லையில இல்ல மேடம்."

"மின்னல் எல்லை பாத்தா விழும்?"

"மின்னல் என் பொறுப்பு இல்ல மேடம். கூட்டம்தான் என் பொறுப்பு."

கிண்டலுக்காக அவன் அதைச் சொல்லவில்லை. மனதாரத்தான் சொன்னான். டோரியனுக்கு அதுதான் தாங்கவில்லை.

அவள் கொஞ்ச நேரம் கூடாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தெருவைக் கடந்தாள். நான் ஸ்டாஃப் கடையின் வாசல் மேசையில் இருந்தேன். அவள் படியேறியதும் உள்ளே சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள்.

"அடேயப்பா, வெளிநாட்டுப் பயணமா?" என்றான் ஸ்டாஃப். "பாஸ்போர்ட் எடுத்துட்டு வந்தியா?"

"உன் பின்பக்கத்துப் புல்வெளி வேணும். நாளைக்கு."

"உங்க பக்கம் என்ன நிறம்?"

"ஆரஞ்சு."

"எங்க பக்கம் மஞ்சள்." அவன் இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டான். "மஞ்சள்னா கவனமா இருக்கணுமாம். நான் காலையிலேர்ந்து கவனமாத்தான் இருக்கேன்."

புல்வெளியைத் தருவதாகச் சொன்னான். ஆனால் வரவேற்புரை அவனுடையதாக இருக்க வேண்டும். டோரியன் கண்ணை மூடித் திறந்தாள். ஸ்டாஃப் மைக்கைப் பிடித்தால் என்ன ஆகும் என்பது இரண்டு நாட்டுக்கும் தெரியும். முதியோர் இல்லத் திறப்பு விழாவில் அவன் பேசி முடிப்பதற்குள் இரண்டு பேரை உள்ளே படுக்கவைக்க வேண்டியதாயிற்று. ஐந்து நிமிடம் என்று அவள் பேரம் பேசினாள். அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றான். சரி என்று தலையாட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஆட்டியிருப்பாள்.

அந்தப் பக்கத்து மேயரை ஸ்டாஃப் போனில் பிடித்தான். மேயர் தன் தோட்டத்தில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார். கொழுப்பு பொரியும் சத்தம் எங்களுக்கே கேட்டது. பீர் உண்டா என்று மட்டும் கேட்டுவிட்டு அனுமதி கொடுத்தார்.

அன்று பிற்பகல் கூடாரத்தைக் கழற்றி, தெருவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினோம். சொல்வதற்கு ஒரு வரிதான். செய்யும்போது நாக்குத் தள்ளிவிட்டது. அப்படியொரு வெயில். காற்று துளியும் இல்லை. பல் மருத்துவர், தபால்காரி, பன்றிப் பண்ணைக்காரர்கள் இருவர், டியூபா என்னும் பெரிய ஊதுவாத்தியம் வாசிக்கும் பாதிரியார், எல்லோரும் அலுமினியக் கம்பங்களைத் தோளில் சுமந்து நாடு விட்டு நாடு போனோம். யோரிட் தெருவில் நின்று கார்களை நிறுத்தி வழிவிட்டான். கூடாரம் கழற்றப்படுவது அவன் பொறுப்பில் வருகிறதாம். மறுபக்கம் நிறுத்தப்படுவது வராதாம். ஆகவே ஒவ்வொரு கம்பத்தோடும் சரியாக இரும்புக் குமிழ் வரை வந்து திரும்பினான்.

வேலை முடிந்தபோது கூடாரம் நின்றது. கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தமாதிரி இருந்தது. ஸ்டாஃப் எல்லோருக்கும் ஒரு பீர் கொடுத்தான். நெதர்லாந்துக்காரர்கள் காபிக்கு ஒரு பிஸ்கட் கொடுத்ததும் டப்பாவை மூடிவிடுவார்கள் என்ற பழைய கேலியையும் அதோடு சேர்த்துக் கொடுத்தான். டோரியன் பீரைக் குடித்துவிட்டு, இவர்கள் நாட்டில் ரோட்டுக் குழிக்குக்கூடத் திறப்பு விழா நடத்துவார்கள் என்றாள். சீட்டாடுகிறவர்கள் கைதட்டினார்கள். அவள் உற்சாகமாக இருந்ததைப் பார்த்து எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஞாயிறு காலையில் மேகக் கூட்டம் திசை மாறிவிட்டது என்றார்கள். வடக்குப் பக்கம் ஆரஞ்சிலிருந்து மஞ்சளுக்கு இறங்கியது. தெற்குப் பக்கம் மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு ஏறியது.

நான் டிரம்மைத் தூக்கிக்கொண்டு போனபோது ஸ்டாஃப் போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு கண்ணாடிக் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அது மேசைமேல் அதிர்ந்துகொண்டே இருந்தது. டோரியன் வந்து அதைப் புரட்டி அவன் முன்னால் நீட்டினாள். மாகாணத்திலிருந்து உத்தரவு: ஆரஞ்சு நேரத்தில் திறந்தவெளி நிகழ்ச்சி எதுவும் கூடாது, கூடாரத்துக்குள் ஆட்கள் இருக்கவே கூடாது. முந்தின நாள் அனுமதி வாங்கிக் கொடுத்த அதே வாயால் ஸ்டாஃப் அதை எங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. படித்து முடித்ததும், "எனக்கு நானே தடை போடறது இதுதான் முதல் தடவை" என்றான்.

அதே நேரம் எதிர்ப்பக்கத்திலிருந்து யோரிட் ஏறக்குறைய ஓடிவந்தான். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. மஞ்சள் வந்துவிட்டது, அனுமதி மறுபடி உயிர்பெற்றுவிட்டது, விழாவை இந்தப் பக்கம் நடத்தலாம் என்றான். குமிழைத் தாண்டாமல் நின்றே சொன்னான்.

வடக்குப் புல்வெளியில் அப்படியே வெயிலில் வாசித்துக்கொள்கிறோம் என்று டோரியன் சொன்னாள். யோரிட்டின் முகம் வாடியது. அனுமதியோடு சேர்த்துக் கொடுத்த வரைபடத்தில் ஒரு கூடாரம் இருக்கிறதே, மழை வந்தால் மக்கள் ஒதுங்க இடம் என்று போட்டிருக்கிறதே, அது இல்லாமல் எப்படி என்றான். கூடாரம் அந்தப் பக்கம் இருக்கிறது, அங்கே ஒதுங்குவார்கள் என்றாள். அந்தப் பக்கம் கூடாரத்துக்குள் ஆட்கள் இருக்கத் தடை என்றான் ஸ்டாஃப், மெதுவாக.

அதாவது, விழா நடத்தலாம் என்ற பக்கத்தில் கூடாரம் இல்லை. கூடாரம் இருக்கிற பக்கத்தில் விழா நடத்தக் கூடாது. கூடாரத்தை மறுபடி மாற்ற நேரமும் இல்லை, யாருக்கும் தோளும் இல்லை. முதல் பஸ் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

டோரியன் தெருவோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ பள்ளிக்கூடத்துக் குரலில் யோரிட்டைக் கூப்பிட்டு, ஊர்வல அனுமதி என்ன ஆயிற்று என்று கேட்டாள். அப்படி ஒன்று இருந்தது எங்களுக்கே மறந்துவிட்டிருந்தது. விழாவின் தொடக்கத்தில் குழுக்கள் வடக்குத் தேவாலயத்திலிருந்து விழா இடம் வரை வாசித்துக்கொண்டே நடந்துவர இரண்டு பக்கமும் தனியாக வாங்கிய அனுமதி.

யோரிட் யோசித்தான். ஊர்வலம் தெருப் போக்குவரத்தில் வரும் என்றான். அதற்கு நிறம் கிடையாது.

"எத்தன தடவ நடக்கலாம்?"

அவன் இருமுறை படித்துப் பார்த்தான். "அது ஒண்ணும் போடல, மேடம். ஆனா நிக்கக் கூடாது. நின்னா அது நிகழ்ச்சி. நடந்தா ஊர்வலம்."

ஸ்டாஃபைப் பார்த்தாள். நடந்து போகிறவர்களை நிறுத்தச் சொல்லித் தனக்கு எந்த உத்தரவும் வரவில்லை என்றான் அவன்.

அப்படித்தான் அன்றைய விழா நடந்தது. எங்களையும் சேர்த்து ஒன்பது குழுக்கள், ஒன்றன்பின் ஒன்றாக, தேவாலயத்திலிருந்து ஸ்டாஃப் கடை வரை வடக்கு ஓரமாகப் போய், அங்கே திரும்பித் தெற்கு ஓரமாக வந்தன. போகும்போது நெதர்லாந்து, வரும்போது பெல்ஜியம். பிற்பகல் முழுக்க இதே வேலை. பார்க்க வந்தவர்கள் இரண்டு நடைபாதைகளிலும் வீட்டு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு, மயோனைஸில் தோய்த்த பொரித்த உருளைக்கிழங்கைத் தின்றபடி உட்கார்ந்திருந்தார்கள். உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அனுமதி வேண்டுமோ என்று யோரிட்டுக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது. அவர்கள் தங்கள் வீட்டு வாசலில்தான் இருக்கிறார்கள் என்று டோரியன் சொன்னாள். எல்லோருடைய வீடும் அதே தெருவில் இல்லை என்பதை அவன் கேட்காமல் விட்டுவிட்டான். அவனுக்கும் மனசு என்று ஒன்று இருக்கிறதே.

நடந்துகொண்டே வாசிக்க முடியாத உருப்படிகளும் இருந்தன. ஒரு குழு குளிர்காலத்திலிருந்து பயிற்சி செய்த மெதுவான கீதம் ஒன்றை வாசித்தது. அந்த வேகத்துக்கு நடந்தால் தூக்கிய காலைக் கீழே வைப்பதற்குள் ஆள் விழுந்துவிடுவான். பின்னால் வந்த குழுவோ துள்ளல் நடை வாசித்தது. இரண்டும் மருந்துக்கடை முன்னால் மோதிக்கொண்டன. மதிப்பெண் போட வந்த நடுவர் சைக்கிளில் கூடவே வந்தார். ஒரு குழுவின் தலைவர், நாங்கள் சங்கீதம் வாசிக்க வந்தோமா ஆடு மாதிரி ஓட்டப்பட வந்தோமா என்று டோரியனிடம் நேரடியாகக் கேட்டுவிட்டு, தன் ஆட்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அவர் கேட்டதில் தவறு இல்லை.

ஸ்டாஃப் வரவேற்புரையை முதல் குழுவுக்கு முன்னால் பின்நோக்கி நடந்தபடி ஆற்றினான். கல் பாவிய தெருவில் பின்நோக்கி நடப்பது லேசல்ல. அன்புள்ள இசை நண்பர்களே என்று தொடங்கி, இந்த மண்ணின் வரலாற்றுக்குள் நுழைவதற்குள் ஒரு குப்பைத்தொட்டிமேல் மோதி உட்கார்ந்துவிட்டான். அவன் வாழ்நாளில் ஆற்றிய மிகச் சிறிய உரை அதுதான். கைதட்டல் ஓயச் சற்று நேரம் பிடித்தது. டோரியன் கிளாரினெட்டை வாயிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. சிரித்துக்கொண்டு ஊத முடியாது.

யோரிட் கூடவே நடந்து, யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டான். ஷூ லேஸ் கட்டக் குனிந்த பாதிரியாரிடம் போய், "ஃபாதர், தயவுசெஞ்சு கொஞ்சம் நகர்ந்துக்கிட்டே கட்டுங்க" என்றான். மூன்றாவது சுற்றில் எனக்குத் தோள்பட்டை விட்டுப்போயிற்று. அப்போது அவனே வந்து டிரம்மின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டான்.

பிற்பகல் போகப்போக தென்மேற்கு வானம் கருநீலமானது. இடி உருள்வது கேட்டது. எல்லோரும் வாசித்துக்கொண்டே அந்தப் பக்கம் பார்த்தோம். பார்வையாளர்கள் போனைப் பார்த்தார்கள். பெல்ஜியத்துப் போன்களின் மழை வரைபடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு எங்களை நோக்கி வந்து, எல்லையைத் தொட்டதும் சாம்பலுக்குள் மறைந்தது. என் டிரம் தோலில் ஒரு சொட்டு விழுந்தது. வந்துவிட்டது என்று நிமிர்ந்தேன். பக்கத்தில் டியூபாவோடு நடந்த பாதிரியாரின் வியர்வை. மேகம் கிழக்கே நகர்ந்து போய்விட்டது. வெயில் திரும்ப அடித்தது. அன்று வெல்டோர்னில் ஒரு துளி விழவில்லை.

மாலைச் செய்தியில் நிலவரம் சரியாகவே இருந்தது என்றார்கள். சரிதான். எங்களுக்கு அடுத்தடுத்த ஊர்களில் நிலவறைகளில் தண்ணீர் புகுந்தது. 'சில இடங்களில்' என்றுதானே சொன்னார்கள். அந்தச் சில இடங்களில் நாங்கள் இல்லை.

மறுநாள் திங்கள், அதுவும் விடுமுறை. இரண்டு பக்கமும் பச்சை. எங்கள் ஊரில் பெந்தெகொஸ்தே திங்களன்று சோபா பார்க்கப் போவதுதான் வழக்கம். வாங்குகிறார்களோ இல்லையோ, ஊரே மேசை நாற்காலிக் கடைகளுக்குப் புறப்பட்டுப் போய்விடும். நானும் போயிருந்தேன். ஆகவே பிறகு நடந்தது டோரியனும் ஸ்டாஃபும் தனித்தனியாகச் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

டோரியன் காலில் கொப்புளங்களோடு தோட்டத்தில் சீருடைகளைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். முன்னறிவிப்பே இல்லாமல் வெளிச்சம் போயிற்று. காற்று ஒரு சீருடையைப் பிடுங்கிக்கொண்டு வேலியைத் தாண்டியது. உள்ளே ஓடி மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, எதிரே ஸ்டாஃப் கூடாரத்தின் நடுக்கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான். கூடாரம் அவனையும் சேர்த்துத் தூக்கப் பார்த்தது. அவள் செருப்புகூடப் போடாமல் ஓடினாள். இருவரும் ஆளுக்கொரு பக்கமாகக் கம்பத்தைப் பற்றிக்கொண்டார்கள். ஆலங்கட்டி கூரைமேல் கொட்டியது. வெளியே எவ்வளவு மழையோ அவ்வளவும் உள்ளேயும் ஒழுகியது.

"இப்ப என்ன நிறம்?" என்று டோரியன் கத்திக் கேட்டாளாம்.

ஸ்டாஃப் ஒரு கையால் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனை எடுத்து, கண்ணில் வழிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டுப் பார்த்தான். "பச்சை. ரெண்டு பக்கமும்."

"அப்ப பரவாயில்ல."

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் சிரித்தார்கள் என்பதில்தான் இருவர் சொல்வதும் ஒத்துப்போகவில்லை. மழை விட்டபிறகும் கம்பத்தை விடவில்லை என்பது ஸ்டாஃப் சொல்வது. அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்பது டோரியன் சொல்வது.

செவ்வாய்க்கிழமை வந்த கூடாரக்காரர்கள் கூரைத் துணியை நாங்கள் உட்புறம் வெளியே இருக்கும்படி மாட்டியிருப்பதாகச் சொன்னார்கள். இப்படி ஒரு கூடாரத்தை அவர்கள் இதற்கு முன் பார்த்ததில்லையாம். கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஜூனில் இரண்டு நகராட்சிகளும் சேர்ந்து ஆய்வுக் கூட்டம் நடத்தின. யாருக்கும் காயமில்லை, எந்த விதியும் மீறப்படவில்லை, ஆகவே ஏற்பாடுகள் வெற்றி என்று முடிவாயிற்று. எதிர்காலத்தில் ஒரு பக்கத்து நிறத்தை மறுபக்கத்துக்குத் தெரிவிக்க ஒரு குழு அமைத்தார்கள். அதன் பெயர் என்ன, எந்தப் பக்கத்தில் கூடுவது என்பது இன்னும் பேச்சில் இருக்கிறது. நடுவரும் தன் பங்குக்குப் போட்டி நடத்தும் மேலிடத்தில் நல்லபடியாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த வருடத்திலிருந்து 'நடைக் கச்சேரி' என்று போட்டியில் ஒரு தனிப் பிரிவே வருகிறது. அதற்கான விதிகள் வந்து சேர்ந்தன: நிழல் எங்கே இருக்க வேண்டும், தண்ணீர் எத்தனை அடிக்கு ஒருமுறை, எந்த நிறத்துக்கு எந்த வேகத்தில் நடக்க வேண்டும். யோரிட் அதை வரிவரியாகப் படித்துவிட்டு, மிகவும் தெளிவாக இருக்கிறது என்றான். டோரியன் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டாள். அந்த வாரமே தலைமைப் பதவியைத் தபால்காரியிடம் கொடுத்துவிட்டு, கிளாரினெட்டோடு பின் வரிசைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

ஆகஸ்டில் ஸ்டாஃப் ஒரு வாரம் கடையை மூடினான். டோரியன் வீட்டுத் திரைச்சீலைகளும் அதே வாரம் மூடியிருந்தன. இருவரும் கடற்கரைக்குப் போனதாக ஊரில் பேச்சு. அவள் திரும்பி வந்ததும், பயிற்சிக்கு நாற்காலிகளை அடுக்கும்போது, எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"மழை," என்றாள். "ஏழு நாளும் மழை. வெளிய தலையே காட்ட முடியல."

அவள் மூக்கு வெயிலில் சிவந்து தோலுரிந்திருந்தது. நான் அடுத்த நாற்காலியை எடுத்து அடுக்கினேன்.